படிவம் ஒன்று, கையில் புதுக் கைப்பேசி

இணையத்தில் யாரோ ஒருவனிடம் ஒரு பிள்ளை மாட்டிக்கொண்ட செய்தி வந்தால், நம் வீடுகளில் உடனே எழும் பேச்சு எல்லாருக்கும் தெரிந்ததுதான். "அந்தப் பொண்ணு என்னத்தப் போட்டுச்சோ", "வீட்ல கண்டிப்பு பத்தல". அது வேறு மாதிரிப் பிள்ளை, நம்ம பிள்ளை அப்படி இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். கோலாலம்பூரில் செந்தூல் பிபிஆர் மலிவுவீட்டு அடுக்குமாடியிலும் இதே பேச்சு, வசதியான பங்சார் கொண்டோவிலும் இதே பேச்சு.

எந்த மாதிரிப் பிள்ளைகள் சிக்குகிறார்கள் என்பது பற்றி இருபது வருடங்களுக்கு மேலாக ஆய்வுகள் நடந்துவருகின்றன. அவற்றை வரிசையாகப் படித்தால், "மாதிரி"யைவிட "காலம்" என்பது பெரிதாகத் தெரியும். சாதாரணமாக இருக்கும் ஒரு பிள்ளை சில மாதங்களுக்குத் தனியாகிப் போகிறது. அந்தச் சில மாதங்களில் அன்பாகப் பேச ஓர் ஆள் கிடைக்கிறான். ஆள் தப்பானவன்.

குரூமிங் என்று நாம் இங்கே சொல்வது, பாலியல் நோக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பதை. மலேசியாவில் இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது: 2017 ஜூலையில் அமலுக்கு வந்த சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், சட்ட எண் 792. அதில் சிறார் என்றால் 18 வயதுக்குக் கீழ். பிள்ளையிடம் பாலியல் ரீதியாகப் பேசினாலே, எழுதினாலே, 11ஆம் பிரிவின்படி 3 ஆண்டுவரை சிறை. குரூமிங்குக்கு 12ஆம் பிரிவு, 5 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும். அதற்குப் பிறகு நேரில் சந்தித்தால் 13ஆம் பிரிவு, 10 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும். "இன்னும் ஒண்ணும் நடக்கலையே, எதுக்குப் புகார்" என்று தயங்கும் பெற்றோர் கவனிக்க வேண்டியது 12ஆம் பிரிவைத்தான். நேரில் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. அந்த நோக்கத்தோடு நடந்த உரையாடலே குற்றம்.

இனி, யார் சிக்குகிறார்கள் என்பதற்கு வருவோம்.

பெரும்பாலான பெற்றோரின் மனத்தில் இருக்கும் படம் இது: ஐம்பது வயது ஆள் 14 வயதுப் பையனாக நடித்து, ஒன்றும் தெரியாத சின்னப் பிள்ளையை ஏமாற்றுகிறான். இப்படி நடப்பதுண்டு. ஆனால் 2004இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இணையத்தில் பழகி அங்கிருந்து தொடங்கிய 129 பாலியல் குற்ற வழக்குகளை எடுத்துப் பார்த்தது. பாதிக்கப்பட்டவர்களில் முக்கால் பங்கினர் 13 முதல் 15 வயதுக்குள். 12 வயதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. தன்னைப் பிள்ளையாகவே காட்டிக்கொண்ட குற்றவாளிகள் வெறும் 5 விழுக்காடுதான். வயதில் மூத்தவன் என்று தெரிந்தேதான் பெரும்பாலான பிள்ளைகள் பேசினார்கள். பலர் ஒருமுறைக்கு மேல் போய்ச் சந்தித்தார்கள். அது காதல் என்று நம்பினார்கள்.

பழைய ஆய்வுதான், அதுவும் வெளிநாடு. இன்றைக்கு நிலவரத்தில் இரண்டு மாற்றம் உண்டு. ஒன்று, நேரில் சந்திக்காமல் கேமராவிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். அங்கே வயது இறங்கிவிட்டது. பிள்ளையே தன்னைப் படமெடுத்து அனுப்பும்படி செய்விக்கப்பட்ட படங்களில் 11 முதல் 13 வயதுச் சிறுமிகள்தான் அதிகம் என்று பிரிட்டனின் இணையக் கண்காணிப்பு அறநிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. இன்னொன்று, வேகம். விளையாட்டுத் தளங்களில் ஒரு பேச்சு ஆபத்தான கட்டத்துக்குப் போக சராசரியாக 45 நிமிடம் போதும் என்று சிறாரை இணையச் சுரண்டலிலிருந்து காக்கப் பாடுபடும் வீப்ரொடெக்ட் கூட்டணியின் 2023 உலக அறிக்கை கணக்குக் காட்டியது. மாதக்கணக்கில் பேசித்தான் மயக்குவார்கள் என்பது எல்லா இடத்திலும் பொருந்தாது.

இருந்தாலும் அந்தப் பழைய ஆய்வின் பாடம் மாறவில்லை. "முன்பின் தெரியாதவனிடம் பேசாதே" என்ற புத்திமதி ஏன் வேலை செய்வதில்லை என்றால், இரண்டு வாரம் தினமும் பேசிய பிறகு அவன் பிள்ளைக்கு முன்பின் தெரியாதவன் இல்லை.

மலேசிய நிலவரத்துக்கு வந்தால், யுனிசெஃப், இன்டர்போல், சிறார் பாலியல் சுரண்டலை எதிர்க்கும் எக்பாட் அமைப்பு மூன்றும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். இணையம் பயன்படுத்தும் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் குறைந்தது 4 விழுக்காட்டினர், அதற்கு முந்தைய ஓராண்டில் இணையவழிப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகியிருந்தார்கள். நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு லட்சம் பிள்ளைகள். அவர்களில் பலருக்கு அந்த ஆள் ஏற்கெனவே தெரிந்தவன். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டியூஷன் ஆசிரியர், விளையாட்டுப் பயிற்றுநர், சமய வகுப்பு எடுப்பவர், ஒன்றுவிட்ட அண்ணன், இவர்களும் வாட்சப்பில்தான் தொடங்குகிறார்கள். குழுவில் போட வேண்டிய செய்தியைத் தனியாகப் பிள்ளைக்கு அனுப்புவது, இரவு பதினொரு மணிக்கு "தூங்கலையா" என்று கேட்பது, அங்கிருந்து வளர்கிறது. நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் செய்தால், அதே 792 சட்டத்தின் 16ஆம் பிரிவு கூடுதலாக 5 ஆண்டுவரை சிறையும் குறைந்தது இரண்டு பிரம்படியும் சேர்க்கிறது.

ஆபத்தைக் கூட்டும் காரணங்கள் என்று ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் வருபவை: முன்பே ஏதாவது ஒரு வகையில் துன்புறுத்தப்பட்டிருப்பது, மனச்சோர்வு, வீட்டில் ஓயாத சண்டை, பள்ளியில் கேலிவதை, கற்றல் குறைபாடு அல்லது ஆட்டிசம், தன் பாலீர்ப்பு குறித்து யாரிடமும் கேட்க முடியாத குழப்பம். இணையப் பழக்கங்களில் கனமானது எது தெரியுமா? பள்ளிப் பெயரையோ படத்தையோ போடுவது மட்டும் அவ்வளவு பெரிய காரணம் இல்லை. தெரியாதவர்கள் நண்பர் பட்டியலில் இருப்பதும், அவர்களோடு பாலியல் பற்றிப் பேசத் தயங்காததும் சேரும்போதுதான் ஆபத்து ஏறுகிறது. பெயரை மறைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கும் பள்ளிப் பட்டறைகள் இந்த இடத்தில் கோட்டை விடுகின்றன.

இந்தப் பட்டியலில் எதுவுமே இல்லாத பிள்ளைகளும் சிக்கியிருக்கிறார்கள். பிரிட்டனில் பாதிக்கப்பட்ட இளையோரிடம் நேரடியாகப் பேசிய ஆய்வாளர்கள் மூன்று வகையைப் பார்த்தார்கள். சிறு வயதிலிருந்தே பல சுமைகளோடு வளர்ந்தவர்கள் ஒரு வகை. பெரிய சுமை இல்லாமல், அண்மையில் நடந்த ஏதோ ஒன்றால் ஆட்டம் கண்டவர்கள் இன்னொரு வகை. வீடு, பள்ளி எல்லாம் சரியாக இருந்தும் இணையத்தில் மட்டும் துணிச்சலாக நடந்துகொண்டவர்கள் மூன்றாவது. நம் சமூகத்தில் கண்ணில் படாமல் போவது இரண்டாவது வகை.

நம் பிள்ளைகளுக்கு அந்த "ஆட்டம் காணும்" காலம் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்த ஒன்று. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றுக்குப் போகும் அந்த ஓராண்டு. பல தமிழ்ப்பள்ளிகளில் மொத்தமே நூறு, நூற்றைம்பது பேர். எல்லா ஆசிரியருக்கும் பிள்ளையின் அம்மாவைத் தெரியும். அங்கிருந்து ஆயிரம் பேர் படிக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. பழைய தோழிகள் நான்கு பள்ளிகளுக்குச் சிதறிவிட்டார்கள். பாடம் முழுக்க மலாயில். சிலர் படிவம் ஒன்றுக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார வேண்டும். கூடப் படித்தவர்கள் படிவம் ஒன்றில் இருக்க, தான் மட்டும் பின்தங்கிவிட்டதாக அந்தப் பிள்ளைக்குப் படும். பூப்பெய்தும் வயதும் ஏறக்குறைய அதே. சொந்தமாகக் கைப்பேசி வாங்கித் தருவதும் அப்போதுதான், "இப்ப பெரிய ஸ்கூல்ல, பஸ்ல வரணும்" என்று. தனிமை, வயது, கைப்பேசி மூன்றும் ஒரே ஜனவரியில் வந்து நிற்கின்றன. இதோடு வீட்டில் அப்பா அம்மா பிரிவு, தாத்தா பாட்டி மறைவு, வீடு மாறுவது ஏதாவது சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பினாங்கில் பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்பேட்டைகளில் பெற்றோர் இருவருமே 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் வீடுகளில், இரவு ஷிஃப்ட் வாரம் எது என்பதை வீட்டுக்கு வெளியே ஒருவன் தெரிந்துவைத்திருக்கிறானா என்பதுதான் கேள்வி. ஷிஃப்ட் வேலையைக் குறை சொல்லிப் பயனில்லை, அதில்தான் வீடு ஓடுகிறது. அந்த வாரங்களில் பிள்ளையோடு ராத்திரி எட்டு மணிக்கு ஓர் ஆள், அத்தையோ பாட்டியோ, பேசுவது வழக்கமானால் அதுவே பாதிப் பாதுகாப்பு.

குரூமிங் உரையாடலில் ஒரு கட்டம் இருக்கிறது. பெற்றோர் அதை மட்டும் அடையாளம் காணத் தெரிந்துகொண்டாலே பெரிய விஷயம். முதல் சில நாள் பேச்சு உப்புச்சப்பில்லாமல் இருக்கும். "சாப்டியா மா", "இன்னிக்கு மொபைல் லெஜண்ட்ஸ் விளையாட வரலயா". பிறகு கேள்விகளின் திசை திரும்பும். "இது உன் போனா, அம்மா போனா?" "தனி ரூமா, தங்கச்சியும் அங்கதான் படுக்குமா?" "அப்பா எத்தன மணிக்கு வேலைக்குப் போவாரு?" "யாரும் செக் பண்ணுவாங்களா?" இந்தக் கேள்விகள் எதிலும் கெட்ட வார்த்தை கிடையாது. மேலோட்டமாகப் படிக்கும் பெற்றோருக்கு அக்கறையாகத்தான் தெரியும். உண்மையில், தான் பிடிபடுவோமா என்று அவன் கணக்குப் போடுகிறான். இதை ஒட்டியே இரண்டு அடையாளங்கள் வரும். ஒன்று, இடம் மாற்றம்: விளையாட்டிலோ டிக்டாக்கிலோ தொடங்கியதை டெலிகிராமுக்கோ ஸ்னாப்சாட்டுக்கோ அழைத்துப் போவது. மற்றது, பிரிப்பது: "உங்கம்மாவுக்கு உன்ன புரிஞ்சுக்கத் தெரியல, நான் இருக்கேன்ல". இந்த மூன்றும் ஒரே ஆளிடமிருந்து வந்தால், பாலியல் பேச்சு இன்னும் வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் தெரியும் அறிகுறி என்று எல்லாரும் சொல்வது, "பிள்ளை ரொம்ப அமைதியாயிடுச்சு". பதின்ம வயதில் எந்தப் பிள்ளைதான் அமைதியாகவில்லை? இன்னும் உருப்படியான அறிகுறி கணக்கில் வராத பொருள்கள். யாரும் வாங்கித் தராத ரோபக்ஸ் (ரோப்லாக்ஸ் விளையாட்டுப் பணம்), விளையாட்டு வைரம், விளையாட்டுப் பாத்திரத்துக்குப் போடும் ஸ்கின், கைப்பேசி ரிலோட், டச் அண்ட் கோ இ-வாலட்டில் வந்து விழும் பத்து, இருபது ரிங்கிட். "ஃபிரண்ட் குடுத்தான்" என்றால் எந்த ஃபிரண்ட் என்று சத்தம் போடாமல் கேளுங்கள்.

பையன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பையனைப் பெற்றால் கவலை இல்லை என்று நினைக்கிறார்கள். பணம் கேட்டு மிரட்டும் வகையில் முக்கிய இலக்கு 14 முதல் 17 வயதுப் பையன்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. அழகான பெண்ணின் கணக்கு, ஓரிரு மணி நேரப் பேச்சு, ஒரு படம், உடனே மிரட்டல்: உன் இன்ஸ்டாகிராமில் இருக்கும் அத்தனை பேருக்கும் அனுப்பிவிடுவேன். பையன் தம்பியின் உண்டியலை உடைப்பான், பணம் கொடுப்பான், மிரட்டல் நிற்காது. கொடுத்தால் இன்னும் கேட்பார்கள். இது மாறாத விதி. மலேசியாவின் 792 சட்டத்தில் 2023இல் செய்த திருத்தத்தில் சிறாரைப் பாலியல் ரீதியாக மிரட்டிப் பறிப்பது தனிக் குற்றமாகவே சேர்க்கப்பட்டுவிட்டது. ஆண்களிடம் மாட்டிக்கொள்ளும் பையன்களின் நிலை இன்னும் மோசம். சொன்னால் தன் பாலீர்ப்பைப் பற்றித்தான் வீட்டில் முதலில் விசாரணை நடக்கும் என்று அவனுக்குத் தெரியும், அதனால் சொல்லவே மாட்டான்.

இதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். பிள்ளை முதலில் சிக்குவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் சிக்கியே கிடப்பதற்கு ஒரே காரணம், வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று அது போட்டுவைத்திருக்கும் கணக்கு. போனைப் பிடுங்குவார்கள். அடி விழும். பள்ளியை நிறுத்துவார்கள். குடும்ப மானம் போச்சு என்று அம்மா அழுவாள். குற்றவாளிக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும், அதையே கயிறாக்கிக் கட்டுகிறான்: "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா உன்னத்தான் அடிப்பாரு, நீதானே அனுப்புன".

ஆகவே கைப்பேசி வாங்கிக் கொடுக்கும் அன்றே, "தப்பு நடந்தா பிடுங்கிடுவேன்" என்று சொல்வதற்குப் பதிலாக, "யாராவது அசிங்கமா பேசுனா, நீ ஏதாவது அனுப்பிட்டாகூட, என்கிட்ட சொல்லு. போனப் பிடுங்க மாட்டேன், அடிக்க மாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன் பிறகு சின்ன விஷயங்களில் அந்த வாக்கைக் காப்பாற்றிக் காட்ட வேண்டும். படிவம் ஒன்றில் கணக்குப் பாடத்தில் தோற்ற செய்தியை எப்படி வாங்கிக்கொள்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் பெரிய செய்தியைச் சொல்வதா வேண்டாமா என்று பிள்ளை முடிவு செய்யும்.

செயலிகளின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) முதலில் பார்க்க வேண்டியது கணக்கில் கொடுத்திருக்கும் பிறந்த ஆண்டு. பத்து வயதில் கணக்குத் திறக்கும்போது பிள்ளை 2000 என்று அடித்திருக்கும். அந்தப் பொய்யால் தளம் கொடுக்கும் பாதுகாப்பு மொத்தமும் போய்விடுகிறது. டிக்டாக்கில் 16 வயதுக்குக் கீழே நேரடிச் செய்தியே கிடையாது, நேரலை போட 18 ஆக வேண்டும். இன்ஸ்டாகிராமில் பதின்ம வயதினரின் கணக்கு தானாகவே பூட்டிய நிலையில் இருக்கும். 16க்குக் கீழே என்றால் அதைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். உங்கள் பிள்ளை டிக்டாக் நேரலையில் ஆடிக்கொண்டிருந்தால், அதன் கணக்கு வயது 18 அல்லது அதற்கு மேல் என்று அர்த்தம். டெலிகிராமிலும் வாட்சப்பிலும் "என்னைக் குழுவில் யார் சேர்க்கலாம்" என்பதைத் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். விளையாட்டுக்காரர்கள் அரட்டையடிக்கும் டிஸ்கார்டில், சர்வர் எனப்படும் குழுவின் உறுப்பினர்கள் நேரடிச் செய்தி அனுப்புவதை அணைத்துவிடுங்கள். இரவு பத்துக்கு மேல் எல்லாக் கைப்பேசியும் ஹாலில் சார்ஜ் ஏறட்டும், அப்பாவுடையதும் சேர்த்து.

கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால், அடுத்த ஒரு மணி நேரத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. அவனைத் திட்டிச் செய்தி அனுப்புவது முதல் தவறு. டெலிகிராமில் ஒரு தரப்பு நினைத்தால் இரு பக்கமும் உரையாடல் மொத்தத்தையும் அழிக்கலாம்; நீங்கள் திட்டிய ஐந்தாவது நிமிடத்தில் சாட்சியம் காணாமல் போகும். பிள்ளைபோல நடித்து அவனை வரவழைக்கவும் முயலாதீர்கள், அதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். முதலில் உரையாடலை மேலிருந்து கீழ்வரை, தேதியும் நேரமும் தெரிய, ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அல்லது வேறொரு கைப்பேசியில் படம்பிடியுங்கள்; பிள்ளையின் அந்தரங்கப் படம் வரும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். காட்சிப் பெயர் போதாது, அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பயனர் பெயர், சுயவிவரப் பக்கத்தின் இணைப்பு, தொலைபேசி எண் தெரிந்தால் எண், டிஸ்கார்டு என்றால் அமைப்புகளில் டெவலப்பர் மோடைத் திறந்து எடுக்கும் நீண்ட பயனர் எண். பணம் போயிருந்தால் வங்கி அல்லது இ-வாலட் ரசீது. இதெல்லாம் முடிந்த பிறகு தளத்தில் புகார் கொடுத்து, கடைசியாகத் தடை செய்யுங்கள். கைப்பேசியை ரீசெட் செய்யவே கூடாது.

பிள்ளையின் அந்தரங்கப் படம் அதில் இருந்தால், அதைத் தனியாக நகலெடுக்காதீர்கள், மாமாவுக்கோ வழக்கறிஞர் நண்பருக்கோ வாட்சப்பில் அனுப்பாதீர்கள். நல்ல எண்ணத்தில் அனுப்பினாலும், சிறார் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் அதே 792 சட்டத்தில் குற்றம். படம் இருக்கும் கைப்பேசியை அப்படியே காவல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள்.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், சம்பவம் எங்கே நடந்தது என்று பார்க்க வேண்டியதில்லை. புகாரில் "தொல்லை" என்று பொதுவாக எழுதாமல், பிள்ளையின் வயதையும் பாலியல் பேச்சு என்பதையும் முதல் வரியிலேயே வரச் செய்யுங்கள். அப்போதுதான் அது மாவட்டத் தலைமையகத்தில் டி11 என்று அழைக்கப்படும் பாலியல், மகளிர், சிறார் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்குச் சரியாகப் போய்ச் சேரும். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் 15999, தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி, 24 மணி நேரமும். தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருந்தால் 792 சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி 5,000 ரிங்கிட்வரை அபராதம்; அது பெற்றோருக்கு மட்டுமல்ல, விஷயம் தெரிந்த ஆசிரியருக்கும் உறவினருக்கும் பொருந்தும். "வெளிய தெரிஞ்சா கல்யாணம் ஆகாது" என்று அடக்கிவைக்கும் பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

நேரில் சந்திப்பு நடந்து ஏதாவது செய்திருந்தால், காவல் நிலையத்துக்கு முன் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அங்கே இதற்கென்று ஒருங்கிணைந்த நெருக்கடி மையம் உண்டு, போலீஸை அவர்களே அழைப்பார்கள். குளிக்க வைக்காமல் கூட்டிப் போங்கள். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன், அவசரக் கருத்தடை மாத்திரையும் சீக்கிரம் கொடுத்தால்தான் உதவும். "நாளைக்கு யோசிப்போம்" என்பதற்கு இங்கே இடமில்லை.

நடந்ததை வீட்டில் ஒவ்வொருவராக உட்கார்ந்து பிள்ளையிடம் துருவாதீர்கள். நான்கு பேர் கேட்டால் நான்கு விதமாகச் சொல்லும், பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளை விசாரிப்பதற்கென்று பயிற்சி பெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள்; தனி அறையில் ஒளிப்பதிவு செய்து கேட்பார்கள், சிறார் சாட்சியச் சட்டம் 2007 அதற்கு வழி செய்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டே: இப்போது எங்காவது வலிக்கிறதா, அவன் இன்னும் தொடர்புகொள்கிறானா.

படம் வெளியே போயிருக்குமோ என்ற பயத்துக்கு, டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை 2023 முதல் இருக்கிறது. படத்தை எங்கும் ஏற்றத் தேவையில்லை. உங்கள் கருவியிலேயே அதற்கு ஒரு மின் கைரேகை உருவாகி, அது மட்டும் சேவையில் சேர்ந்திருக்கும் தளங்களுக்குப் போகும். அதே படம் அங்கே ஏறினால் அவர்கள் கண்டுபிடித்து நீக்கலாம். மூடிய அரட்டைகளில் சுற்றுவதை இது தடுக்காது. கைப்பேசியைப் போலீஸ் தடயமாக எடுத்துக்கொண்டால் திரும்பி வர நாளாகும். கொடுப்பதற்கு முன் தொடர்பு எண்களையும் பள்ளிக் குழுக்களையும் குறித்துவைத்துக்கொண்டு, பிள்ளைக்கு உடனே வேறொரு சாதாரணக் கைப்பேசி கொடுங்கள். கொடுக்காவிட்டால் தன்னைத் தண்டித்துவிட்டார்கள் என்றே அது எடுத்துக்கொள்ளும். பள்ளியில் கவுன்சலிங் ஆசிரியர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். வகுப்பாசிரியருக்கு "கொஞ்ச நாள் கவனித்துக்கொள்ளுங்கள்" என்பதற்கு மேல் எதுவும் தெரிய வேண்டியதில்லை.